அடுத்த வீட்டுக் கிணறு





சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் என்னை நிறுத்தினார். “ஐயா, எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்து முடித்துவிட்டார்கள். வீட்டு இணைப்புக்கு மனுக் கொடுக்கச் சொல்லி நோட்டீசும் வந்திருக்கிறது. முன்வைப்புத் தொகை, குழாய், கொத்தனார் கூலி என்று கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. எங்கள் செப்டிக் டாங்கோ நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கு இந்த வீண் செலவு?” என்று கேட்டார்.

அவருக்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனெனில், இதே சொற்களை ஒரு காலத்தில் நானும் சொன்னவன். அதனால் நேர்ந்ததை இம்மாதம் உங்கள்முன் வைக்கிறேன். இதைப் பாவசங்கீர்த்தனம் என்றே கொள்ளலாம்.

நிறையாத தொட்டி

எங்கள் வீடு சேலத்தின் பழைய தெருக்களுள் ஒன்றில், என் தந்தையார் காலத்தில் கட்டப்பட்டது. பின்கட்டில் மலக்கழிவுத் தொட்டி. சுற்றுச்சுவரை ஒட்டி அப்புறம் ஒரு விதவைத் தாயின் வீடு. அவர்கள் கொல்லையில் ஒரு கிணறு. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அந்தக் கிணறே அவர்களுக்கும், அவர்கள் மகள் பிள்ளைக்கும் துணை.

எங்கள் தெருவில் சாக்கடைக் குழாய் பதித்தபோது, இணைப்பு வேண்டாமென்று நான் தள்ளிப்போட்டேன். ஓராண்டு இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. கேட்டவர்களிடம் ஒரு பெருமையும் பேசுவேன்: “எங்கள் தொட்டியை இருபது ஆண்டுகளாக ஒரு தடவைகூட அள்ளியதில்லை. அந்தக் காலத்து வேலை!”

ஒரு மழைக்காலத்தில் அந்த வீட்டுச் சிறுவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. மருத்துவமனையில் பல நாள் கிடந்தான். தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்ல, கிணற்று நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மலக்கிருமி கலந்திருப்பதாக முடிவு வந்தது. அந்தத் தாள் என் கைக்கும் வந்தது. அதைப் படித்துச் சொல்லும்படி அத்தாய் என்னிடமே கொண்டு வந்தார்கள். “என்ன எழுதியிருக்குது, தம்பி?” என்று கேட்டபோது, நான் தலை நிமிரவில்லை.

மறுவாரம் ஒரு பிளம்பரை அழைத்து வந்து எங்கள் தொட்டியைக் காட்டினேன். என் பழைய பெருமையை அவரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். “சார், நிறையாத தொட்டி நல்ல தொட்டி இல்லைங்க. ஓட்டைத் தொட்டி. உள்ளே போனது எங்கேயாவது போயிருக்கணுமில்ல?” என்றார்.

திறந்து பார்த்தபோது அடியில் தளமே இல்லை. சுற்றிலும் கல்லடுக்கிய வெறுங்குழி. அந்தக் கிணறு கெட்டது எங்கள் குழியாலா, தெருவிலுள்ள வேறு பத்துக் குழிகளாலா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால், எங்கள் குழியால் அன்று என்று சொல்ல என் மனச்சான்று இன்றுவரை இடந்தரவில்லை. சிறுவன் பிழைத்தது ஆண்டவரின் இரக்கம்.

இலண்டனில் ஒரு குருவானவர்

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா வெடித்தது. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிராட் தெருவிலிருந்த ஓர் அடிபம்பின் நீரே காரணமென்று மருத்துவர் ஜான் ஸ்நோ வாதாடி, செப்டம்பர் 8ஆம் நாள் அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அக்காலத்தில் பலரும் அதை நம்பவில்லை. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்பதே கற்றோர் கொள்கை.

நம்பாதவர்களுள் ஒருவர், அப்பகுதி ஆங்கிலிக்கன் ஆலயத்தின் உதவிக் குரு ஹென்றி ஒயிட்ஹெட். மருத்துவரின் கூற்றைப் பொய்யென்று காட்டவே அவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். நோயாளிகளைப் பல நாள் சந்தித்து ஆறுதல் கூறியவர் என்பதால் மக்கள் அவரிடம் ஒளிக்காமல் பேசினார்கள். விசாரிக்க விசாரிக்க, மருத்துவர் சொன்னதே மெய்யென்று அவருக்குப் புலப்பட்டது. அந்தப் பம்பின் எதிரிலேயே 40ஆம் எண் வீட்டில், கொள்ளைநோய் பரவுமுன்னரே ஒரு பச்சிளங்குழந்தை வயிற்றுப்போக்கில் விழுந்து, பின்னர் மடிந்திருந்தது. தாய் துணிகளை அலசிய நீரை வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தாள். தோண்டிப் பார்த்தபோது அக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. குழியின் செங்கற்சுவர் உளுத்திருந்தது.

அந்தத் தாய் குற்றவாளியா? இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளுக்குத் தெரியாது. 1884இல் கல்கத்தாவில் இராபர்ட் கோக் காலராக் கிருமியைக் குளத்து நீரில் கண்டு காட்டியபின், அறிந்த உலகம் இது. நமக்குத் தெரியும். தெரிந்தும் வாளாவிருப்பதே நம் குற்றம்.

நம் மண்ணின் இயல்பு

சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் கிடப்பது கடும்பாறை. மணற்பாங்கான நிலத்தில் கழிவுநீர் ஓரளவேனும் வடிகட்டப்பட்டு இறங்கும். பாறை நிலத்திலோ நீர் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. வடிகட்ட மணல் இல்லை. ஒரு கொல்லையில் இறங்கிய அழுக்கு எந்தக் கிணற்றில், எந்த ஆழ்துளையில் தலைகாட்டும் என்று மேலிருந்து யாரும் சொல்ல முடியாது.

மேலே ஓடுவதன் கதையும் இதுதான். ஏற்காட்டு மலையில் பிறந்து சேலம் நகரின் நடுவே வரும் திருமணிமுத்தாறு, நகரின் சாக்கடைகளை நெடுங்காலமாகச் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்தில் நுழைந்து காவிரியில் கலக்கிறது. அதே காவிரியிலிருந்துதான் கீழேயுள்ள ஊர்கள் குடிநீர் எடுக்கின்றன. சேலத்துக்குக் குடிநீர் தர 1911இல் பனமரத்துப்பட்டி ஏரி அமைந்தது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர் பின்னர் வந்து நம் தாகம் தீர்த்தது. நல்ல நீரை வீட்டுக்குள் கொண்டுவர நாம் காட்டிய ஊக்கத்தில் பாதியைக்கூட, கெட்ட நீரை முறையாக வெளியேற்றக் காட்டவில்லை. குழாய் இணைப்புக்கு முந்துகிறோம். சாக்கடை இணைப்புக்குப் பிந்துகிறோம். நல்ல நீர் நமக்கு வருகிறது; கெட்ட நீர் பிறருக்குத்தானே போகிறது!

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம், குழி வெட்டி மூடாமல் விட்டவனைப் பற்றிப் பேசுகிறது. பிறனுடைய மாடோ கழுதையோ அதில் விழுந்து செத்தால், குழிக்குடையவனே ஈடு செய்ய வேண்டும். மாட்டுக்கே இப்படியென்றால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எப்படி? இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரமோ, பாசறைக்கு வெளியே சென்று, குழி தோண்டி, கழிவை மூட வேண்டுமென்று கட்டளையிடுகிறது. ஆண்டவர் பாசறையின் நடுவே உலாவுகிறார் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். தூய நீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் வலியுறுத்தினார். 2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவையும் குடிநீரையும் துப்புரவு வசதியையும் மனித உரிமையாக ஏற்றது. ஒருவருக்கு உரிமையென்றால், மற்றவருக்கு அது கடமை.

இணைப்புப் பெறுவோர் கவனிக்க

இனி, என்னிடம் கேள்வி கேட்ட நண்பருக்கும் அவர் போன்றோருக்கும் சில நடைமுறைக் குறிப்புகள்.

முதலாவது, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திற்கு நேரில் சென்று, சொத்துவரி ரசீதுடன் மனுக் கொடுங்கள். வைப்புத்தொகை எவ்வளவு, சாலை வெட்டுக் கட்டணம் எவ்வளவு, தவணை உண்டா என்பதை அங்கேயே கேட்டுத் தெளியுங்கள். கட்டும் பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். இடைத்தரகரிடம் வெறுங்கையால் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, சமையலறை, குளியலறை, கழிப்பறைக் குழாய்களெல்லாம் வீட்டு எல்லைக்குள் ஒரு சோதனைத் தொட்டியில் கூடி, அங்கிருந்து சரியான வாட்டத்துடன் தெருக்குழாய்க்குச் செல்ல வேண்டும். நாற்றமும் கரப்பானும் திரும்பி வராதபடி நீர் தேங்கும் வளைவு இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, மழைநீரைச் சாக்கடையில் விடாதீர்கள். மொட்டைமாடி நீர் முழுவதும் அதில் பாய்ந்தால், அடைமழையன்று தாழ்வான வீட்டுக்காரரின் கழிப்பறை வழியே அது பொங்கி எழும். மழைநீர் போக வேண்டிய இடம் நிலம். 2003 முதல் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.

நான்காவது, குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் நெருங்கிக் கிடக்கலாகாது. குடிநீர் மேலே, விலகிச் செல்ல வேண்டும். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி தவறு என்பதோடு, ஆபத்தும் ஆகும். நீர் வராத வேளையில் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. மோட்டார் இழுக்கும்போது, இணைப்பு இடுக்குகளின் வழியே சுற்றியுள்ள அழுக்கும் சேர்ந்து உள்ளே வருகிறது. அதை முதலில் குடிப்பவர்கள் நம் பிள்ளைகளே.

ஐந்தாவது, இணைப்புக் கிடைத்தபின் பழைய தொட்டியை அப்படியே மூடி வைக்காதீர்கள். கழிவை அகற்றி, மண்ணும் மணலும் இட்டு நிரப்புங்கள். இன்னும் சாக்கடைக் குழாய் வராத ஊர்களில் இருப்போர், தொட்டிக்குத் தளமும் பூச்சும் உண்டா என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி மூலம் அள்ளச் செய்யுங்கள். கிணற்று நீரைக் குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கலாம். அதுவரை காய்ச்சிக் குடியுங்கள்.

ஒருவரையும் இறக்காதீர்

கடைசியாக ஒன்று. எங்கள் பழைய தொட்டியை வெறுமையாக்க இருவரிடம் விலை கேட்டேன். ஒருவர் லாரி கொண்டு வருவதாகச் சொன்னார். மற்றவர் கேட்டது அதில் பாதி. “ரெண்டு பசங்களை இறக்கி அள்ளிடுவோம்” என்றார். என் வாய் ‘சரி’ என்று சொல்லவிருந்தது, உண்மையை மறைப்பானேன்? அருகில் நின்ற என் மனைவி, “என்னங்க, நம்ம பையனை இறக்குவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

தொட்டிக்குள் திரளும் நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது. இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மாள்கிறார். மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இதில் இறந்தோரின் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆனால், எந்தத் தொகையும் ஒரு தந்தையைத் திருப்பித் தராது. ஞாயிறன்று நற்கருணை உட்கொள்ளும் நாம், திங்களன்று ஒரு சகோதரனை நம் மலத்தில் இறக்கலாமா?

பங்கு செய்யக்கூடியது

இணைப்புச் செலவு ஏழைக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை என்பதை அறிவேன். ஒரே தெருவினர் சேர்ந்து ஒரே பிளம்பரை அமர்த்தினால் கூலி குறையும். அன்பியக் கூட்டத்தில் ஒருநாள் இதைப் பேசலாம். வின்சென்ட் தே பவுல் சபையார், தனித்து வாழும் முதியோருக்கும் விதவையருக்கும் மனு எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகைக்கும் கைகொடுக்கலாம். தவக்கால ஒறுத்தலில் மிச்சம் பிடித்ததை இதற்குத் தந்தால், ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்வார்.

எங்கள் வீட்டு இணைப்பு முடிந்த அன்று, அடுத்த வீட்டுத் தாயிடம் சென்று, என் குழியைப் பற்றிய உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க குழியும் அப்படித்தான் இருக்கும், தம்பி. எங்களுக்கும் ஒரு மனு எழுதிக் கொடு” என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். வைப்புத்தொகையைக் கட்டும் கடமை என்னுடையதென்று நான் சொல்ல, அவர்கள் மறுக்கவில்லை.

அந்தக் கிணற்று நீரை இன்று அவர்கள் செடிகளுக்கு மட்டும் இறைக்கிறார்கள். குடிக்கத் தகும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை எங்கள் வீட்டுக் குழாயில் நீர் வரும் நாட்களில், முதல் குடம் அவர்களுடையது.