'தனிப்பட்ட' பயணங்கள்

ரேணிகுண்டா விமான நிலையத்தில் இலங்கைத் தலைவர் ஒருவர் இறங்குகிறார் என்றால் திருப்பதிக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அலிபிரியில் வாகனங்கள் தேங்கும். தமிழ்நாட்டு எண் பலகை கொண்ட வண்டிகளைப் போலீசார் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு பார்ப்பார்கள். செய்திக்குறிப்பில் மட்டும் 'தனிப்பட்ட பயணம்' என்று இருக்கும். தெலுங்கிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் செய்திகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. எத்தனையோ சொற்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த 'தனிப்பட்ட' அளவுக்கு என்னைச் சங்கடப்படுத்திய சொல் வேறில்லை. அகராதிப்படி சரி. ஆனால் அதில் தனிப்பட்டதாக எதுவும் இல்லை.

2014 டிசம்பரில் மகிந்த ராஜபக்ச திருமலைக்கு வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றுவிட்டுப் போயிருந்தது. அந்த ஆண்டில் அது இரண்டாவது முறை. தில்லி கடுகடுப்பில் இருந்தது. இலங்கையில் அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. அந்த நேரத்தில் ஏழுமலையானைப் பார்க்க வந்தவர் பக்தியால் மட்டுமே வந்தார் என்று நம்ப அசாத்திய பக்தி வேண்டும். 2015 ஜனவரியில் அவர் தோற்றார். அடுத்த மாதமே புதிய அதிபர் மைத்திரிபால சிறிசேன முதல் வெளிநாட்டுப் பயணமாக இந்தியா வந்தார். தில்லி, புத்தகயா, திருப்பதி. ஆள் மாறினார், பாதை மாறவில்லை. புத்தகயா சிங்கள வாக்காளருக்கு. திருப்பதி யாருக்கு? இலங்கைத் தமிழருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கென்னவோ அது தில்லிக்கு என்றுதான் படுகிறது.

ராமேஸ்வரமோ மதுரையோ ஏன் இல்லை என்பதுதான் சுவாரசியமான கேள்வி. 2012 செப்டம்பரில், சென்னையில் விளையாட வந்த இலங்கைக் கால்பந்து வீரர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார் முதல்வர் ஜெயலலிதா. 2013 ஐ.பி.எல். போட்டிகளில் சென்னையில் இலங்கை வீரர்கள் ஆட முடியவில்லை. அப்படிப்பட்ட மாநிலத்தில் இலங்கை அதிபரைக் கோயிலுக்கு அழைத்துப் போக எந்த மத்திய அரசுக்கும் துணிவு வராது. திருப்பதி தோதான இடம். தமிழன் தன்னுடையது என்று நினைக்கும் மலை, தெலுங்கு மாநிலத்தின் போலீஸ். கறுப்புக் கொடியோடு வருபவர்களைக் கைது செய்வதால் ஆந்திர முதல்வர் எவருக்கும் ஒரு ஓட்டுகூடக் குறையப் போவதில்லை.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழின் வட எல்லையாகச் சொல்வது இதே வேங்கடத்தை. அதைக் காட்டித்தான் ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். 1953ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே போயிற்று. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி திரும்பி வந்தது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றுவிட்டன. சித்தூர் கடைத்தெருவில் இன்றும் பாதிப் பேரம் தமிழில் நடக்கிறது, அது வேறு. அன்று கோடு சற்று வடக்கே விழுந்திருந்தால் தில்லியின் அயலுறவுக் கொள்கைக்கு ஒரு வசதியான மலை குறைந்திருக்கும். மொழிவாரி எல்லை வகுத்தவர்கள் இந்தப் பயனை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, இந்த வழிபாட்டால் யாருக்கு என்ன கிடைத்தது? 2013 பிப்ரவரியில் ராஜபக்ச திருமலைக்கு வந்தார். மார்ச்சில் ஜெனீவாவில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரித்து இலங்கைக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. (அந்த வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால் தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியிருந்தது.) ஆனால் 2009 மே மாதம், போர் முடிந்த கையோடு இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்கும் இதே இந்தியா கை தூக்கியது. 2012ல் எதிர்ப்பு, 2013ல் எதிர்ப்பு, 2014ல் நடுநிலை. 2021லும் 2022லும் மறுபடி நடுநிலை. முள்ளிவாய்க்காலில் நடந்தது என்ன என்பது இந்த ஆண்டுகளில் மாறவில்லை. மாறியது தில்லியின் தேவை. பெரிய நாட்டின் வாக்கு ஒரு குழாய்த் திருகு மாதிரி. திறப்பதும் மூடுவதும் தண்ணீர் வேண்டியவனின் தாகத்தைப் பொறுத்ததல்ல.

சின்ன நாட்டுக்கும் அதன் சாமர்த்தியம் உண்டு. 2017ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று, சுமார் 112 கோடி டாலருக்கு. 2022ல் கொழும்பில் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றபோது இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அதே ஆகஸ்டில், இந்தியாவின் ஆட்சேபத்தை மீறி, சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றது. இதை நன்றி கெட்டதனம் என்று நம் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு கடன்காரர்களுக்கு நடுவில் இருப்பவன் ஒருவரை மட்டும் பார்த்துச் சிரிக்க முடியாது.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது யார் என்றால், யாருடைய பெயரைச் சொல்லி இவ்வளவும் நடக்கிறதோ அவர்கள்தான். 1987 ஒப்பந்தத்தின் விளைவான 13வது திருத்தப்படி வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். தில்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. 2024 முடியும் வரை மறு தேர்தல் இல்லை. இடையில் 2020லும் 2021லும் மகிந்த, பிரதமராக, திருமலைக்கு வந்து போனார்.

2024 டிசம்பரில் அதிபர் அநுர குமார திசாநாயக்க இந்தியா வந்தார். ஒரு காலத்தில் இந்திய எதிர்ப்பையே கொள்கையாக வைத்திருந்த கட்சியின் தலைவர். தில்லிக்கும் புத்தகயாவுக்கும் போனார். அலிபிரியில் வண்டிகள் வழக்கம்போல ஓடின. எனக்கும் 'தனிப்பட்ட' தொல்லை இல்லை. பிரதமர் மோடி தன் உரையில் இலங்கை அரசியல் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவது பற்றியும் மாகாணத் தேர்தல் பற்றியும் பேசினார். பிறகு கூட்டறிக்கையைத் தேடிப் படித்தேன். நீளமான அறிக்கை. மின்சாரம், எரிபொருள் குழாய், படகுப் போக்குவரத்து எல்லாம் இருந்தன. 13 என்ற திருத்தத்தின் பெயர் மட்டும் இல்லை.