வனச்சரக அலுவலகமா, வனப் போலீஸ் ஸ்டேஷனா?

மக்களே, போன மாசம் ஆணி புடுங்குறதுல இருந்து ரெண்டு நாள் விடுதலை கிடைச்சுது. நண்பனோட ஒரு காட்டுப் பக்கம் போனேன் (எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்). எதுவரைக்கும் போகலாம்னு முறையா கேட்டுக்குவோமேன்னு வனச்சரக அலுவலகத்துல நுழைஞ்சோம். "யாரு? எதுக்கு?" இதான் வரவேற்பு. வாசல் பலகையில என்னென்ன செஞ்சா தண்டனைன்னு நீளமா பட்டியல். உள்ள என்ன மரம், என்ன பறவைன்னு ஒரு வரி இல்ல!

"நாலு பேரை வச்சுக்கிட்டு காட்டைக் காப்பானா, உனக்கு வழி சொல்வானா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆள் கம்மின்னாத்தானே ஊர்க்காரன் துணை வேணும்? வேடந்தாங்கலைப் பாருங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். அதனால 1798-லயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட பறவைகளைக் காக்க உத்தரவு வாங்கினாங்க. வனத்துறையே அப்ப கிடையாது.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். பிரம்மதேசத்துல இருந்து கொஞ்ச தூரத்துலதான் கழுவெளி. மரக்காணம், வானூர் வட்டங்கள்ல 5,151.6 ஹெக்டேர். 2021-ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024 ஆகஸ்டுல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்டேன். "ராம்சரா? யாரு தம்பி அவரு?"ன்னாங்க. அது ஈரான்ல இருக்கிற ஊரு, 1971-ல ஈரநிலங்களைக் காக்க அங்க ஒரு ஒப்பந்தம் போட்டாங்கன்னு இவங்களுக்கு யாரு சொல்லணும்? நானா?

நான் கேக்கறது ரொம்ப சின்ன விஷயம். ஒவ்வொரு வனச்சரக அலுவலகச் சுவத்துலயும் தமிழ்ல ஒரு வரைபடம். எந்த மாசம் எந்தப் பறவை வரும், ஊர்க்காரன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, புகார் சொல்ல எந்த நம்பர். அவ்வளவுதான். புதுச் சட்டமெல்லாம் வேண்டாம். யாரும் கேக்காமலே அலுவலகங்கள் தகவல் வெளியிடணும்னு 2005 தகவல் உரிமைச் சட்டத்தோட 4-வது பிரிவே சொல்லுது. ஒரு பெயிண்டர் போதும்.

நாளைக்கு எவனாவது ராத்திரியோட ராத்திரியா லாரியில மண்ணைக் கொண்டாந்து ஏரியில கொட்டினா, முதல்ல பார்க்கப்போறது ரேஞ்சர் இல்ல, விடிகாலையில மாடு ஓட்டிட்டுப் போற பெரியவர்தான். அவருக்கு அந்த ஆபீஸ் படியேற பயமா இருந்தா, சரணாலயம் கெஜட்ல மட்டும்தான் இருக்கும்.