பல்டெக் இல்லாமலும் பாட்டு கனக்கும்

மதுரையில் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு தவறாமல் வரும். கம்ப்யூட்டரில் கிடைக்கும், ஒலியின் நிறத்தை மாற்றும் ஈக்யூ பிளக்-இன் எல்லாம் போலி, அசல் வால்வுப் பெட்டிக்குள் போய் வந்தால்தான் குரலுக்குக் கனம் வரும், அந்தப் பெட்டி நம் ஊரில் இல்லை. இதை நம்பி, சித்திரைத் திருவிழாவுக்காக இங்கேயே பதிவான அழகர் வர்ணிப்பைக்கூடக் கடைசி மெருகுக்குச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். பாடியவர் இங்கே, கேட்கப்போகிறவர்கள் இங்கே, கூலி மட்டும் அங்கே போகிறது. இந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

'அசல்' என்று அவர்கள் சொல்வது அனேகமாகப் பல்டெக் ஈக்யூபி-1ஏ. யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லின் என்ற இருவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடத்திய பல்ஸ் டெக்னிக்ஸ் நிறுவனம் 1951-இல் ஈக்யூபி-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் வழியில் வந்தது இது. ஒலியின் நிறத்தை மாற்றும் பகுதியில் காயில், கண்டன்சர், ரெசிஸ்டர் இவ்வளவுதான் இருக்கின்றன. மின்சாரம் வாங்கி ஒலியைப் பெருக்கும் பாகம் அந்தப் பகுதியில் எதுவுமே கிடையாது. அதனால் அதற்குக் குறைக்க மட்டும்தான் தெரியும். உள்ளே போகும் ஒலி முதலில் சுமார் 16 டெசிபல் இறங்கிவிடும். 'பூஸ்ட்' குமிழைத் திருப்பினால் அந்த அலைவரிசையில் மட்டும் இறக்கம் தளர்கிறது. நமக்கு ஏறியதுபோலக் கேட்கிறது. இழந்த அளவை மீட்டுத் தருவது பின்னால் நிற்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர்.

இதைப் புரிந்துகொண்டால் முதல் வாதம் தானாகவே விழும். 'மின்சுற்றின் உயிரைக் கணக்கால் பிடிக்க முடியாது' என்கிறார்கள். எல்லா மின்சுற்றுக்கும் இதைச் சொல்லலாமா என்று விவாதிக்கலாம். இந்தச் சுற்றுக்குச் சொல்லவே முடியாது. வழக்கமான அளவில் ஒலியை அனுப்பும்வரை காயிலும் கண்டன்சரும் ரெசிஸ்டரும் நேர்கோட்டு விதிக்குக் கட்டுப்பட்டவை. மதிப்புகள் தெரிந்தால் எந்த அலைவரிசை எவ்வளவு இறங்கும் என்பதைத் தாளிலேயே போட்டுவிடலாம். இத்தகைய சுற்றை அப்படியே எண்களாக மாற்றும் முறையை ஜெர்மானியப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஃபெட்வைஸ் 1970-களிலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். ஸ்டுடியோக் கருவிகளில் கணினி மிக எளிதாகப் பிடிக்கக்கூடியது எது என்று கேட்டால், இந்தப் பெட்டியைத்தான் முதலில் காட்டுவேன். ஒலியின் அளவைப் பொறுத்து நடத்தை மாறும் கம்ப்ரஸரைச் சொல்லியிருந்தால் வாதத்துக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்திருக்கும்.

ஒரு குறை உண்மையாகவே இருந்தது. விநாடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் பதிவில் உச்ச எல்லை 22,050 ஹெர்ட்ஸ். பழைய பிளக்-இன்கள் சிலவற்றில் 16 கிலோஹெர்ட்ஸ் பூஸ்ட் அந்த எல்லையில் முட்டி, வளைவு நசுங்கிப் போகும். காது கூர்மையானவர்கள் அப்போது சொன்ன புகார் சரிதான். உள்ளுக்குள் மாதிரி எண்ணிக்கையைப் பெருக்கிக் கணக்கிடும் பழக்கம் வந்த பிறகும் அதே புகாரைச் சொல்வது சரியில்லை.

அடுத்து, கதகதப்பு வால்விலிருந்து வருகிறது என்ற வாதம். இந்தப் பெட்டியின் ஆம்ப்ளிஃபயர் சுத்தமாகப் பெருக்குவதற்காகக் கட்டப்பட்டது. அளவுக்கு மீறி அடித்தால் டிரான்ஸ்ஃபார்மர் அடிஸ்தாயியில் திணறும், அந்தத் திணறலுக்கு ஒரு அழகு உண்டு, எல்லா பிளக்-இன்னும் அதை ஒரே தரத்தில் செய்வதில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பிளக்-இன் கரகரக்கிறது' என்று சொல்பவரின் திரையைப் பார்த்தால், மீட்டர் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும். பெட்டியின் சாதாரண வேலை அளவு டிஜிட்டல் மீட்டரில் சுமார் மைனஸ் 18 டெசிபலுக்கு ஈடாகும் என்று வைத்துத்தான் பல பிளக்-இன்கள் எழுதப்படுகின்றன. அந்த அளவில் ஒலியைக் கொடுங்கள், பாதிப் புகார் போய்விடும்.

'அசலுக்கு ஈடாகுமா?' என்று கேட்கிறார்கள். எந்த அசலுக்கு? அறுபது எழுபது ஆண்டு பழைய பெட்டியில் கண்டன்சர் வயதாகி மதிப்பு மாறியிருக்கும், வால்வு பலமுறை மாறியிருக்கும். ஒரே வரிசையில் வந்த இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்தால் அவையே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பிளக்-இன் எழுதுகிறவர் ஒரு நல்ல பெட்டியை அளந்து எழுதுகிறார். இரண்டு பெட்டிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்குள் அது அடங்கினால் வேறென்ன வேண்டும்? பல லட்சம் கொடுத்து, 115 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் வைத்து, மே மாதத்து மதுரையில் வால்வைச் சூடேற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இக்னைட் ஆம்ப்ஸின் பி.டி.ஈக்யூ-எக்ஸ் இலவசம். ஆப்பிள் லாஜிக் வைத்திருப்பவர்களுக்கு உள்ளேயே ஒன்று இருக்கிறது.

இந்தப் பெட்டியின் பேர்பெற்ற வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அடிஸ்தாயியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு குமிழ்கள். இரண்டையும் ஒன்றாகத் திருப்ப வேண்டாம், ஒன்றையொன்று அழித்துவிடும் என்றே தயாரிப்பாளரின் குறிப்பு சொன்னது. பொறியாளர்கள் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு வளைவும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழாததால், கீழே ஒரு மேடும், அதற்கு மேலே சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பள்ளமும் கிடைத்தன. தவிலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் வைத்து இரண்டையும் ஏற்றினால் தொப்பியின் அடி நிற்கும், பானைக்குள் தட்டுவதுபோன்ற அந்தக் குடைச்சல் மட்டும் போகும். வலந்தலையின் சொற்கள் தெளிவாகும். இந்த மேடும் பள்ளமும் வளைவுக் கணக்கு. வால்வுக்கு இதில் வேலையே இல்லை. பிளக்-இன்னில் அப்படியே கிடைக்கிறது.

'அந்தக் காலப் பாட்டில் இருந்த சூடு இப்போது எங்கே?' என்று மதுரைக்காரரான டி.எம்.எஸ். குரலைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்தக் குரலைக் கொட்டகையில் கேட்டபோது அது ஃபிலிமின் ஓரத்து ஒளித்தடத்தில் வந்தது. மேல்ஸ்தாயி வெகுவாக வெட்டப்பட்டே ஒலித்தது. வீட்டில் கேட்டது கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான இசைத்தட்டு. திருவிழாவில் கேட்டது குழாய் ஸ்பீக்கர். அதற்கு அடிஸ்தாயியே கிடையாது. வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பாடகரோடு சேர்ந்து வாசித்தார்கள், தவறினால் முதலிலிருந்து வாசித்தார்கள். அந்தச் சூட்டுக்கு இத்தனை காரணங்கள் இருக்க, ஒரு பெட்டியின் பெயரில் எழுதிவைப்பது அந்தக் கலைஞர்களுக்கே செய்யும் அநியாயம்.

கடைசியாக, 'என் காது சொல்கிறது' என்ற வாதம். காதை மதிக்கிறேன், அதனால்தான் சோதிக்கச் சொல்கிறேன். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எதுவானாலும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் அறையைப் பாருங்கள். வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி, சிமென்ட் சுவர், மொசைக் தரை. பத்தடிச் சுவர்களுக்கு இடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் ஒலி குவியும், பன்னிரண்டடிக்கு 48-ஐ ஒட்டி. பல்டெக்கின் 60 ஹெர்ட்ஸ் குமிழ் போய் விழுவது சரியாக இந்தக் குவியலின் மேலேதான். இந்த அறையில் உட்கார்ந்து அசலைத் திருப்பினாலும் பிளக்-இன்னைத் திருப்பினாலும் கேட்பது சுவரின் சத்தம். சென்னைக்கு அனுப்பும் காசில் மூலைகளுக்குக் கனமான கண்ணாடிக் கம்பளி அட்டைகள் வாங்கி, அரை அடி தடிமனில் நிறுத்திவிட்டு, அதே வர்ணிப்பை மறுபடி மிக்ஸ் செய்யுங்கள்.