மலிவாக ஒரு நாய்க்குட்டி

“அண்ணே, 400 வெள்ளிக்கு ஷீட்சூ குட்டி கிடைக்குதாம். கடையில 2,000க்கு மேல சொல்றாங்க.”

போன வருடம் கிள்ளானிலிருந்து தங்கை இப்படிச் சொன்னபோது நானும்தான் மகிழ்ந்தேன். பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்ததும் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிப் போய், அவளோடு சேர்ந்து குட்டியை வாங்கி வந்தேன். ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். எங்கே பிறந்தது, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்கத் தோன்றவில்லை. விலை மட்டும்தான் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். ஆறாம் நாள் குட்டி போய்விட்டது. பார்வோ வைரஸ் என்றார் கால்நடை மருத்துவர். செலவு, குட்டியின் விலையைப் போல மூன்று மடங்கு. விற்றவர் அதற்குப் பிறகு கைப்பேசியை எடுக்கவே இல்லை. வீட்டின் பின்புறம் புதைத்துவிட்டு வந்தபோது, ஒன்பது வயது மருமகள் கேட்டாள்: “மாமா, அதோட அம்மாவை நீங்க பார்த்தீங்களா?”

வாங்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

குட்டி 8 வாரமாவது தாயிடம் இருக்க வேண்டும். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவருக்கு அடிமாட்டு விலை கட்டுப்படியாகாது. தாயைக் காட்டத் தயங்குபவர், தடுப்பூசி அட்டை தராதவர், பார்க்கும் முன்பே முன்பணம் கேட்பவர் – இந்த மூவரிடமும் வாங்காதீர்கள். விலங்குகளை வைத்துத் தொழில் செய்பவர் உரிமம் பெற வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். அதைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவரக் கூடாது. தடுப்பூசி முழுதாகப் போட்ட வளர்ந்த நாய் என்றால் பயமில்லை.

அப்போதுதான் காப்பகங்கள் நினைவுக்கு வந்தன. அம்பாங்கில் எஸ்பிசிஏ சிலாங்கூர், சுபாங்கில் பாவ்ஸ் என்று நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் நாட்டுக் கலப்பு நாய்கள்தாம். சிறிய ஜாதி நாய் அபூர்வமாகத்தான் வரும், பொறுமை வேண்டும். தத்துக் கட்டணத்தில் தடுப்பூசியும் கருத்தடையும் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகத்திடம் பேசிவிடுவது நல்லது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்று எழுத்துமூலம் அறிவிப்பு வந்தால், 3 நாளில் நாயை அகற்ற வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு ஸ்திராத்தா விதிகள் சொல்கின்றன. தரை வீடாக இருந்தாலும் மாநகர் மன்ற உரிமம் எடுக்க வேண்டும். ஷீட்சூ, பூடல் போன்றவற்றுக்கு மாதாமாதம் முடி வெட்டும் செலவும் உண்டு. குட்டியின் விலை ஒருமுறைதான். மற்றதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடக் கணக்கு.

நான்கு மாதம் காத்திருந்தோம். வீடு மாறிய ஒரு குடும்பம் ஒப்படைத்துவிட்டுப் போன ஆறு வயது ஷீட்சூ கலப்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. குட்டி அல்ல என்பதால் யாரும் கேட்கவில்லையாம். மருமகள் முதலில் தடுப்பூசி அட்டையை வாங்கி, ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகுதான் கீழே உட்கார்ந்து கையை நீட்டினாள்.