யூரியாவோடு தலையில் கட்டும் சரக்கும் நம்ம கீரைப் பாத்தியும்



"கீரைக்காரங்க யூரியாவை அள்ளிக் கொட்டுறாங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் அதிகாரிகள் சொல்கிறார்கள். கொட்டுகிறோம், மறுக்கவில்லை. ஏன் கொட்டுகிறோம் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா?

கணக்கைப் பாருங்கள். தண்டுக்கீரைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து எக்டேருக்கு 75 கிலோ. ஏக்கருக்கு 30 கிலோ. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு; ஆக ஏக்கருக்குச் சுமார் 66 கிலோ யூரியா, சென்ட்டுக்கு 660 கிராம். நம்மில் பலர் கீரை போடுவது 20 சென்ட்டில். 13 கிலோ போதும். கடையில் கிடைப்பதோ 45 கிலோ மூட்டை. 2018-க்கு முன்னால் அது 50 கிலோ. மூட்டை விலை வரியோடு 266 ரூபாய் 50 காசுதான். ஆனால் அந்த விலைக்கு அது தனியாகக் கிடைத்தால் அதிசயம்! குப்பி மருந்தோ, நுண்ணூட்டப் பாக்கெட்டோ சேர்த்து வாங்கு என்கிறார்கள். கேட்டால், "மேலேயிருந்தே அப்படித்தான் வருது" என்று கையை விரிக்கிறார்கள்.

பிரித்த மூட்டை ஈரக்காற்றில் கட்டிதட்டிப் போகும். வீணாப் போறதுக்குப் பாத்தியிலயாவது கிடக்கட்டும்னு வீசிடறோம். இதுதான் நடக்கிறது.

அதனால் விளைச்சல் கூடுகிறதா என்றால், அதுவும் இல்லை. இதை நமக்குள்ளே ஒளிவுமறைவில்லாமல் பேசியாக வேண்டும். கலக்க விதைக்கணும், அடர விதைச்சா போர்தான் உயரும் என்று பெரியவங்க சொன்னது நெல்லுக்கு. கீரையில் போரேதான் விளைச்சல்! வேரோடு பிடுங்கும் முளைக்கீரை, சிறுகீரைக்கு நெருக்கமாக விதைப்பது தப்பே இல்லை. நெருக்கினால் செடி சிறுக்கும், ஆனால் பாத்திக்கு எடை கூடும். ஓர் அளவுக்கு மேலே அதுவும் நின்றுவிடும். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதுமான இடத்தில் இரண்டு மூன்று கிலோ தூவுகிறோமே, அந்தப் பாத்தியில் யூரியாவைக் கூட்டினால் என்ன ஆகும்? வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுத் தண்டு நூலாக நீளும், அடியிலை மஞ்சளாகும், ஒரு மழைக்குச் சாயும். இலை நீர்கோத்துப் போனதால் அசுவினியும் வந்து உட்காரும். சந்தையில் கட்டுக் கணக்கில் வாங்குவதால் நமக்கு இது உறைப்பதில்லை. எடை போட்டால் தெரியும்.

அறுத்து அறுத்து விற்கும் அரைக்கீரைக்கு இடைவெளி கட்டாயம் வேண்டும். பத்தாம் நாள் வாக்கில் கலைத்துவிட்டால், கலைத்த நாற்றும் காசாகும். நின்ற செடி பக்கக் கிளை விடும். அங்கேதான் தழைச்சத்துக்கு வேலை. ஒரேயடியாக வேண்டாம், அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் போட்டுத் தண்ணீர் கட்டினால் போதும். இடைவெளி விட்டுச் சத்தே கொடுக்காமல் விட்டாலும் இலை சிறுத்து, சீக்கிரமே பூத்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் விளைச்சல்.

இதை வயலில் வந்து சொல்ல வேண்டியவர்கள் யார்? 2015-ல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் எங்கள் பகுதியில் பலருக்கு வந்த அட்டையில் நெல்லும் கரும்பும் இருந்தன. கீரை என்ற பேரே இல்லை.

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையே, சில்லறைக் கடைக்காரர் ஒவ்வொரு உரத்திலும் ஒரு மூட்டையைப் பிரித்து வைத்து விற்கலாம் என்கிறது. பிறகு 13 கிலோ கேட்பவருக்கு 13 கிலோ கொடுக்க என்ன தடை? இணைப்புச் சரக்கை நிறுத்து! சில்லறையில் உரம் கொடு! கீரைக்கும் மண் பரிசோதனைப் பரிந்துரை கொடு! இந்த மூன்றையும் கேட்டு வரும் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கீரைக்கட்டோடு நிற்கப் போகிறோம். உரத்தோடு வேறு சரக்கும் சேர்த்துப் போட்ட ரசீது வைத்திருப்பவர்கள் தவறாமல் எடுத்து வரவும். ரசீதே தராதவர்கள் மூட்டை வாங்கிய தேதியையும், கொடுத்த தொகையையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்.