இஷாவுக்குப் பின் இல்லம் உறங்கட்டும்

 

உறக்கத்தை மனிதனுக்கு ஓய்வாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகத் திருமறையின் 78ஆம் அத்தியாயத்தில் இறைவன் நினைவூட்டுகின்றான். ஆயுர்வேத மூலநூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதையும் உணவு, உறக்கம், புலனடக்கம் ஆகிய மூன்றையும் உடலைத் தாங்கும் துணைத்தூண்களாகக் கூறுகின்றது.

ஆனால், நம் இல்லங்கள் பலவற்றில் இரவு உணவே பத்து மணியைத் தாண்டுகின்றது. அனைவரும் உண்டபின் பாத்திரம் கழுவி, அடுப்படி ஒதுக்கி, கடைசியாகப் படுப்பவள் இல்லத்தரசி. சுபுஹுக்கு முதலில் எழுபவளும் அவளே. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 7 மணி நேர உறக்கமாவது தேவை. அவளுக்குக் கிடைப்பதோ நான்கும் ஐந்தும்! பிறகு, "அவளுக்கு எடுத்ததற்கெல்லாம் எரிச்சல்" என்று குறை கூறுவது எவ்வகையில் நியாயம்?

இரவில் கண்விழித்தால் வாதம் மிகுந்து உடல் வறளும். பகலில் உறங்கினால் கபமும் பித்தமும் பெருகும் என்பது ஆயுர்வேதக் கொள்கை. எனினும் கோடையிலும், முதியோர், குழந்தைகள், நோயாளிகள், உழைத்துக் களைத்தோர் ஆகியோருக்கும் பகலுறக்கத்தை அது அனுமதிக்கின்றது. ஆகவே, களைத்த உடலுக்குக் 'கைலூலா' எனும் நண்பகல் சிறுதுயில் நன்றே. அது அரை மணிக்குள் அடங்கட்டும். அஸருக்குப் பின் வேண்டாம்.

இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதற்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது புகாரியில் காணும் செய்தி. இதனைப் பின்பற்றினாலே பாதி மருத்துவம் முடிந்தது. மற்றவை இவை:

1. இரவு உணவை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் முடியுங்கள். பிரியாணி, இறைச்சி போன்றவற்றை நண்பகலுக்கு மாற்றுங்கள்.

2. காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். அஸருக்குப் பின் தேநீரும் காப்பியும் தவிருங்கள்.

3. இளஞ்சூடான நல்லெண்ணெயை உள்ளங்காலில் தேய்த்துத் துடையுங்கள். வெதுவெதுப்பான பால் அருந்தலாம். உறக்கத்திற்கு எருமைப்பால் சிறந்தது என்பார் சரகர். நீரிழிவுடையோர் சர்க்கரை சேர்க்கலாகாது. காலில் புண் இருப்பின் எண்ணெய்த் தேய்ப்பும் கூடாது.

4. ஒளுச் செய்து, படுக்கையைத் தட்டி, வலப்பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத். விளக்கை அணையுங்கள், கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். அதன் ஒளி உறக்கத்தைத் தள்ளிப்போடும்.

5. சுபுஹுக்கு எழும் நேரத்தை நாள்தோறும் ஒன்றாகவே வையுங்கள்.

மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரைகளை, குறிப்பாக முதியோருக்கு, ஒருபோதும் கொடுக்காதீர்கள். தடுமாறி விழுந்து எலும்பு முறிய அவை வழிவகுக்கும். பலத்த குறட்டையினிடையே மூச்சுத் திணறினாலோ, உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ மருத்துவரை நாடுங்கள்.

குடும்பத் தலைவர்களே! அண்ணலார் (ஸல்) தம் இல்லப் பணிகளில் மனைவியருக்குத் துணை நின்றார்கள். உண்ட தட்டை நீங்களே கழுவினால், உங்கள் இல்லத்தரசிக்கு அரைமணி உறக்கம் கூடும். வல்ல அல்லாஹ் நம் இரவுகளை அமைதி மிக்கவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.