பருவம் மாறும்போது பெரியவர்களைக் காப்பது யார்?

சித்திரை பிறந்தால் செங்கற்பட்டு கொதிக்கிறது. ஐப்பசி பிறந்தால் மாமல்லபுரத்தில் கடல் கொந்தளிக்கிறது. மார்கழி பிறந்தால் இரண்டு ஊரிலும் பனி கொட்டுகிறது.

ஆண்டுதோறும் நடப்பதுதான் இது. இருபது வயது வாலிபனுக்கு இதனால் பெரிய கஷ்டம் இல்லை. வெயில் அடித்தால் நிழலில் ஒதுங்குவான். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டிக்கொள்வான்.

எழுபது வயதுப் பெரியவருக்கு அப்படி அல்ல. ஒவ்வொரு பருவமும் அவர் உடம்புக்கு ஒரு சோதனை. அந்தச் சோதனையில் சிலர் தோற்றுப் போகிறார்கள். அது செய்தியாக வருவதில்லை. "வயசாச்சு, போய்ச் சேர்ந்தார்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

வயது மட்டும்தான் காரணமா? அல்ல. தடுத்திருக்கக் கூடிய மரணங்களும் அவற்றில் உண்டு.

பெருகிவரும் முதியோர்

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2021-ல் இது நூற்றுக்கு 13-க்கு மேல் என்று மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. 2031-ல் நூற்றுக்கு 18 பேர் ஆகிவிடுவார்கள் என்றும் அது கூறியது. இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் நிறைந்த நாடு தமிழ்நாடுதான்.

2019-ம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் ஜில்லாவைப் பிரித்து, செங்கற்பட்டு தனி ஜில்லா ஆக்கப்பட்டது. இங்கே ஒரு பக்கம் மறைமலைநகர்த் தொழிற்சாலைகள். மற்றொரு பக்கம் சிறுசேரிக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். கிழக்கே மீனவர் குப்பங்கள். தெற்கே மதுராந்தகம், செய்யூர் பக்கத்து வயல்கள்.

காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது பெரியவர் ஒருவர்தான். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் அவருக்குத் துணை யாரும் இல்லை. மீனவர் குப்பத்திலும் கதை இதுதான்.

தாகம் எடுக்காது!

கத்திரி வெயில் மே மாதம் 4-ந் தேதி வாக்கில் தொடங்கி 28-ந் தேதி வரை நீடிக்கிறது.

வெயிலில் உடம்பு சூடாகும்போது வியர்க்கிறது. வியர்வை உலரும்போது உடம்பு குளிர்கிறது. இது இயற்கை தந்த ஏற்பாடு. வயதானால் இந்த ஏற்பாடு தளர்ந்துவிடுகிறது. வியர்வை குறைகிறது. இருதயமும் முன்போல் வேகமாக ரத்தத்தை இறைப்பதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உடம்பில் தண்ணீர் வற்றினாலும் முதியவர்களுக்குத் தாகம் தெரிவதில்லை. "எனக்குத் தாகமே இல்லையே" என்று பாட்டி சொன்னால் அது பொய் அல்ல. ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் முப்பது கிலோமீட்டர் தூரம்கூட இராது. ஆனால் வெயில் வேறு மாதிரி. கடற்காற்று முதலில் கரையோரத்தைத் தொடுகிறது. உள்ளே இருக்கும் செங்கற்பட்டுக்கு அது வந்து சேரத் தாமதமாகிறது. ஆகவே அங்கே உஷ்ணம் கூடுதல்.

அப்படியானால் மாமல்லபுரத்துப் பெரியவருக்குக் கவலை இல்லையா? உண்டு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. இதைத்தான் புழுக்கம் என்கிறோம். வானிலை இலாகா இதை அறிந்திருக்கிறது. சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். கடலோரத்தில் வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடி 37 டிகிரியைத் தொட்டாலே போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

பகல் 11 மணி முதல் 3 மணி வரை பெரியவர்கள் வெளியே போக வேண்டாம். தாகம் இல்லாவிட்டாலும் மணிக்கு ஒரு தடவை தண்ணீர், நீர்மோர், கஞ்சி ஏதாவது கொடுக்க வேண்டும். ஓட்டு வீடும் தகர வீடும் பகலில் அடுப்புபோல ஆகும். அந்த நேரத்தில் மரத்தடித் திண்ணையே மேல்.

இருதய வியாதி, சிறுநீரக வியாதி உள்ள சிலருக்குத் தண்ணீரை அளந்து குடிக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பார். அவர்கள் கோடையில் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் கேட்டே குடிக்க வேண்டும். ரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. கோடை வரும் முன்பே டாக்டரிடம் காட்டுவது நல்லது.

பேச்சு குழறினாலோ, நிதானம் தவறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

புயலும் மாத்திரைப் பையும்

ஐப்பசி, கார்த்திகையில் கஷ்டம் வேறு. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பல பெரியவர்கள் திரும்ப நடப்பதே இல்லை. கொசுவால் டெங்கு ஜுரம் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால் எலிக் காய்ச்சல் வருகிறது. இளைஞர்களைப்போல முதியவர்களுக்கு ஜுரம் எப்போதும் அனலாகக் காயாது. சாப்பாடு இறங்காமல் சோர்ந்து கிடந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

2022-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் மூழ்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் கடையும் இல்லை, கரண்டும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கும் ரத்தக் கொதிப்புக்காரருக்கும் மருந்து நின்றால் அதுவே ஆபத்து.

ஆகவே புயல் மாதங்களில் பத்து நாள் மாத்திரை, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, ஆதார் கார்டு, டார்ச் விளக்கு ஆகியவற்றை ஒரே பையில் கட்டித் தயாராக வைக்க வேண்டும். முகாமுக்குப் போகச் சொன்னால் முதலில் பெரியவர், கையில் அந்தப் பை! கரண்டு இல்லாதபோது இன்சுலின் மருந்தை நனையாமல் சுற்றி, ஈர மண்பானைக் குளிர்ச்சியில் வைக்கலாம்.

பனிக்காலம்

மார்கழிக் குளிர் நம் ஊரில் பெரிதல்ல என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. இருதய நோயாளிகள் இருட்டு நேரத்தில் உலாவப் போவதைவிட, வெயில் வந்தபின் போவது நல்லது. போகிப் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு விஷம். அன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது முதியவர்களுக்கு நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

சர்க்கார் என்ன செய்திருக்கிறது?

முதியோர் வைத்தியம் தனி வைத்தியம் என்பதை இந்தியாவில் முதலில் காட்டியது சென்னைதான். டாக்டர் வி.எஸ்.நடராசன் 1978-ம் ஆண்டு சென்னை அரசு பெரிய ஆஸ்பத்திரியில் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. செங்கற்பட்டில் 1965-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆனால் செய்யூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கிண்டிக்குப் போக ஒரு பொழுது ஆகும். நடக்க முடியாதவருக்கு எட்டாத ஆஸ்பத்திரியால் என்ன பயன்?

இதை உணர்ந்துதான் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பது அதன் நோக்கம். 2024-ல் அதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டில், முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டு போகும் "தாயுமானவர்" திட்டம் வந்தது. வெயிலில் கியூவில் நிற்கும் துன்பம் இதனால் குறையும்.

2024-ம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்றும் கூறியது.

நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒரு குறை இருக்கிறது. நிவாரணம் இறந்த பிறகு வருகிறது. அதற்கும் வெயிலால்தான் இறந்தார் என்று நிரூபிக்க வேண்டும். தனியாக இருந்த முதியவர் இறந்தால் "மாரடைப்பு" என்று எழுதுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. மாத்திரை வீடு தேடி வருவது மாதக் கணக்குப்படி. வெயிலும் புயலும் மாதக் கணக்குப் பார்த்து வருவதில்லையே!

பிரான்சு கற்ற பாடம்

2003-ம் ஆண்டு ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் வெப்ப அலை வீசியது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார்கள். பணக்கார நாடுதான். ஆஸ்பத்திரிக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லை.

அதன் பிறகு பிரான்சில் ஒரு முறை வந்தது. தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் நகரசபை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வெப்ப எச்சரிக்கை வந்ததும் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன் செய்து நலம் விசாரிக்கிறார்கள்.

இந்தியாவிலும் ஆமதாபாத் நகரம் விழித்துக்கொண்டது. 2010-ம் ஆண்டு மே மாத வெயிலில் அங்கே பலர் மாண்டார்கள். 2013-ல் அந்நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டம் போட்டது.

செங்கற்பட்டு ஜில்லாவில் இதைச் செய்யப் புதிய கட்டடம் வேண்டாம். எந்த வீட்டில் ரத்தக் கொதிப்புக்காரர், எந்த வீட்டில் தனிக்கிழவி என்பது வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பெண்களுக்குத் தெரியும். அந்த விவரத்தைப் பஞ்சாயத்தில் பட்டியலாக வைத்தால் போதும். எச்சரிக்கை வந்த அன்று ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் தலையிலேயே சுமத்துவது நியாயம் அல்ல. அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். கல்லூரி மாணவர்களும் வாலிபர் சங்கங்களும் தெருவுக்கு இரண்டு பேராகப் பொறுப்பு ஏற்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதற்கு உத்தரவு எதுவும் தேவையில்லை.

உதவிக்கு ஆள் இல்லாத முதியோர் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டியின் படுக்கை அருகே ஒட்டி வைக்கலாம். போன் செய்யத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை சொல்லிக் கொடுக்கட்டும்.

கத்திரிக்கு முன்பு பஞ்சாயத்தில் பட்டியல் தயாராக வேண்டும். ஐப்பசிக்கு முன்பு வீட்டில் மாத்திரைப் பை தயாராக வேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம் இல்லை. "தாத்தா, தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்கப் பகலில் ஒரு குரல் இருந்தால், பல வீடுகளில் பெரியவர்கள் இன்னும் பல பொங்கல் காண்பார்கள்.